பார்சலில் வந்த முட்டையை அடை வைக்கும் முன் காற்றறையைப் பாருங்கள்

3 பிப்ரவரி, மாலை (தாம்பரத்துத் தம்பியின் கேள்வி)

"பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 12 சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி) முட்டை கூரியரில் வரவழைத்தேன். அனுப்பிய மூன்றாம் நாள், இன்று மதியம் வந்து சேர்ந்தது. போன தடவையும் இதே மாதிரி வாங்கி வைத்ததில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இன்குபேட்டர் பெட்டிதான் சரியில்லை என்று இந்த முறை தெர்மோகோல் பெட்டி, டிஜிட்டல் தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டேன். பெட்டி 37.5 டிகிரியில் தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று ராத்திரியே வைத்துவிடலாமா? வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?"

3 பிப்ரவரி, இரவு

வைக்காதீர்கள் தம்பி. நாளைக்கும் வேண்டாம், நாளை மறுநாள் காலையில் வையுங்கள்.

போன தடவை ஒன்றுகூடப் பொரிக்காததற்குப் பழைய பெட்டிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்சல் முட்டை பொரிக்காதபோது எல்லோரும் முதலில் பெட்டியைத்தான் சந்தேகப்படுகிறார்கள், காசு செலவழித்து மாற்றுகிறார்கள், மறுபடியும் அதே கதை. முட்டை உங்கள் வாசலுக்கு வரும் முன்பே பாதிக் காரியம் முடிந்துபோயிருக்கும்.

முட்டை கோழியிலிருந்து வெளியே வரும்போது சுமார் 41 டிகிரிச் சூட்டில் இருக்கும். அது ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கும். அப்போது அகலமான முனையில், ஓட்டை ஒட்டியுள்ள இரண்டு சவ்வுகளுக்கு நடுவே காற்று புகுந்து ஓர் அறை உண்டாகும். அதுதான் காற்றறை. இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறைக்குள்தான். லாரியில் மூன்று நாள் குலுங்கி வந்த முட்டையில் இந்த இரண்டு சவ்வுகளும் இன்னும் விலகிப் பிரிந்துவிடலாம். சில முட்டைகளில் உள்சவ்வே கிழிந்து, காற்று குமிழியாக முட்டைக்குள் சுற்றும்.

இப்போதே செய்ய வேண்டியது இதுதான். முட்டை அட்டையில் கூர்முனை கீழே, அகலமான முனை மேலே இருக்கும்படி எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். வீட்டில் வெயில் படாத, ஃபேன் காற்று நேராக அடிக்காத மூலை போதும். 24 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அகலமான முனையில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிற்கிற நிலையிலேயே மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும், உருட்டக்கூடாது. என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

3 பிப்ரவரி, இரவு, சற்று நேரம் கழித்து

சொல்ல விட்டது: கழுவாதீர்கள். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் லேசாகத் துடையுங்கள், அவ்வளவுதான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. மேலே கோழி பூசி அனுப்பிய மெல்லிய படலம்தான் அவற்றை அடைத்துக் காக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய்விடும். ஏசி அறையில் வைத்துவிட்டு நேராகச் சூட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோனாலும் ஓட்டில் வேர்த்து அந்த ஈரம் கிருமியை உள்ளே இழுக்கும்.

4 பிப்ரவரி, இரவு

படங்கள் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறீர்கள்.

மேல்வரிசையில் இரண்டாவது முட்டையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடுகிறது. அதை எடுத்துவிடுங்கள். மெழுகு தடவிக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அரிதான இனம், ஒரே ஒரு முட்டை என்றால் முயற்சி செய்யலாம். பன்னிரண்டில் ஒன்றுக்காக மற்ற முட்டைகளின் நடுவே அழுகும் வாய்ப்புள்ள ஒன்றை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மீதிப் பதினொன்றில் ஆறு முட்டைகளின் காற்றறை நல்ல வட்டமாக, இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றில் ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கியிருக்கிறது. குதிரைச் சேணம் போலச் சரிந்தது என்று கோழிக்காரர்கள் சொல்வது இதைத்தான், பயப்பட வேண்டாம். கடைசி இரண்டில்தான் சிக்கல். சாய்க்கும்போது ரசமட்டத்துக் குமிழி மாதிரி காற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது பாருங்கள், அவற்றில் சவ்வு பிரிந்துவிட்டது. அவற்றையும் வையுங்கள். ஆனால் ஓட்டின் மேல் பென்சிலால் குறி போட்டு வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும்.

நாளைக் காலை பெட்டிக்குள் போகும்போதும் படுக்க வைக்காதீர்கள். அட்டையோடு, நின்ற நிலையிலேயே. பெட்டியில் முட்டையைத் தானாகத் திருப்பும் மோட்டார் இருந்தால், அதன் வயரைக் கழற்றிவிடுங்கள். முதல் மூன்று நாள் எந்த அசைவும் வேண்டாம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். 37.5 என்று தெர்மோஸ்டாட் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். அதன் முனையை முட்டை நிற்கும் உயரத்தில், தெர்மோஸ்டாட்டின் சென்சாருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அது 99.5 பாரன்ஹீட் காட்டினால் 37.5 செல்சியஸ் சரி. காய்ச்சல் மானி இந்த வெப்பத்தை அளக்கவே செய்யப்பட்டது, அதனால் இந்த இடத்தில் அதற்கு மேல் நம்பகமானது வீட்டில் வேறு இல்லை. நீங்கள் வாங்கியிருப்பது டபிள்யூ 1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் பலகை என்றால், பி4 என்ற இடத்தில் வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதோடு பி1-ஐயும் பாருங்கள். கடையில் வாங்கும்போது பெரும்பாலும் 2 டிகிரி என்று இருக்கும். அப்படியே விட்டால் சூடு தரும் பல்பு 37.5-இல் அணைந்து 35.5-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். அதை 0.2 ஆக்குங்கள்.

பல்பு இரண்டு போடுங்கள், ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று தாங்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, போதிய சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

5 பிப்ரவரி

பட்டுக்கோட்டை அண்ணன் எழுதியிருக்கிறார்: "பார்சல் முட்டையை ஏழு நாள் திருப்பவே கூடாது. நான் அப்படித்தான் செய்கிறேன்."

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் ஏழு நாள் என்பது எனக்கு ஒப்பவில்லை. திருப்புவது எதற்காக? கரு, மஞ்சள் கருவின் மேல் மிதந்துகொண்டு ஓட்டின் உட்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். அசைவு அதிகம் தேவைப்படும் காலம் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான். இதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ரத்தக்குழாய்கள் மஞ்சள் கருவைச் சுற்றிப் பரவுவது அடுத்த சில நாட்களில். அந்த நேரத்தில் திருப்பாமல் விட்டால் குழாய்கள் சரியாகப் பரவாது. இழப்பு அன்றே தெரியாது, கடைசி வாரத்தில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்து கிடக்கும்.

மூன்று நாள் என்று நான் சொல்வது சவ்வுக்கு ஓய்வு தரவும் கருவுக்கு அசைவு தரவும் நடுவில் பிடித்த கணக்கு. மூன்று நாள் கழித்தும் படுக்கவைத்து உருட்டக்கூடாது. நின்ற நிலையிலேயே அட்டைக்கு ஒரு பக்கம் செங்கல் கொடுத்து 45 டிகிரி சாய்க்க வேண்டும், பிறகு மறுபக்கம். காலை, மதியம், ராத்திரி. வேலைக்குப் போகிறவர் என்றால் காலையும் ராத்திரியும் கட்டாயம், மதியம் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

5 பிப்ரவரி, மாலை

ஓசூர் நண்பர் கேட்டார்: "குலுக்கலால்தான் கெடுகிறது என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

திருச்சியில் என் சித்தி வீட்டில் சிறுவிடைப் பட்டி இருக்கிறது. ஒரே பட்டி, ஒரே சேவல், ஒரே வாரத்து முட்டை. பாதியை நான் நத்தம் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சீட்டு கிடைக்கும்வரை நின்றுகொண்டேதான் வந்தேன், பையைக் கீழே வைக்கவில்லை. மீதியைச் சித்தப்பா இரண்டு நாள் கழித்து பார்சல் லாரியில் போட்டுவிட்டார். இரண்டு பங்கும் ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில் இருந்தன. மடியில் வந்தவை ஏறக்குறைய எல்லாம் பொரித்தன. லாரியில் வந்தவற்றில் பாதிகூடத் தேறவில்லை. அந்த வித்தியாசத்துக்குப் பெட்டியைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. இரண்டு நாள் கூடுதல் வயதும் அவ்வளவு பெரிய இழப்பைத் தராது, முட்டை ஒரு வாரம் வரை நன்றாகவே தாங்கும்.

8 பிப்ரவரி

தாம்பரத்துத் தம்பி, இன்றைக்குச் சாய்க்கத் தொடங்கலாம். குறி போட்ட இரண்டு முட்டைகளை மட்டும் இன்னும் ஒரு நாள் விட்டுவிட்டு, அதன்பின் மிக மெதுவாகச் சாயுங்கள்.

யாரோ கேட்டிருந்தார்கள், "இதெல்லாம் இல்லாமல் அடைக்கோழிக்கு அடியில் வைத்தால் என்ன?" என்று. கிடைத்தால் தாராளமாக வையுங்கள், எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. பார்சல் முட்டைக்கும் முதல் ஒரு நாள் ஓய்வு மட்டும் கொடுத்துவிடுங்கள். சிறுவிடை ஒன்பதிலிருந்து பதினொரு முட்டை வரை தாராளமாக மூடும். ஆனால் கூரியர் வரும் நாளில் நம் கோழி அடையில் இருக்க வேண்டுமே, அது நம் கையில் இல்லை.

அப்பத்தா அடை வைக்கும்போது கூடையில் சாம்பலும் வைக்கோலும் போட்டு, நடுவில் ஓர் இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைக்கும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. நான் இரும்பு வைப்பதில்லை. ஆனால் அடை வைத்த கூடையை யாரும் நகர்த்தக்கூடாது, பக்கத்தில் உரல் இடிக்கக்கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லும். அதை இப்போதும் அப்படியே பின்பற்றுகிறேன். இன்குபேட்டரை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இடம் மாற்றுங்கள்.

9 பிப்ரவரி

கடை முட்டையை வைத்தால் பொரிக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, கடையில் வாங்கும் வெள்ளை முட்டை பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகளோடு சேவல் இருப்பதில்லை, அதனால் அவற்றில் கரு உருவாகாது. பழுப்பாக இருக்கிறது, நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என்பதற்காக வைத்துப் பார்க்காதீர்கள். பழுப்பு முட்டை போடும் பண்ணைக்கோழி இனங்களும் உண்டு.

12 பிப்ரவரி

ஏழாம் நாள். தம்பி டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எட்டு முட்டைகளில் சிவப்பு நரம்புகள் கிளைவிட்டுப் பரவியிருக்கின்றன. இரண்டில் கருப்புப் புள்ளி அசைவதுகூடத் தெரிகிறது, அது குஞ்சின் கண். குறி போட்ட இரண்டில் ஒன்று இந்த எட்டுக்குள் இருக்கிறது! அதற்காக நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

குறி போட்ட இன்னொன்றில் நரம்பு இல்லை, ஓட்டின் உட்பக்கம் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிகிறது. அதில் கரு தொடங்கி, முதல் சில நாட்களிலேயே இறந்துவிட்டது. எடுத்துவிடலாம்.

மீதி இரண்டும் வெளிர் மஞ்சளாக, ஒன்றுமே இல்லாமல் தெரிகின்றன. இவற்றைத் தூக்கி எறியும் முன் ஒரு தட்டில் உடைத்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் வந்தால் அடுத்த முறை யாரிடம் வாங்குவது, எப்படி வரவழைப்பது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். மஞ்சள் கருவின் மேல் சின்ன, ஒழுங்கற்ற, அடர்த்தியான வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கரு கூடவே இல்லை. அது பட்டியில் சேவல் குறைவாக இருப்பதால், அல்லது சேவலுக்கு வயதாகிவிட்டதால். நடுவில் தெளிவாக, சுற்றி வெள்ளை வளையமாக அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டம் இருந்தால் கரு கூடியிருக்கிறது, ஆனால் வழியிலேயே முடிந்துவிட்டது.

12 பிப்ரவரி, இரவு

ஒன்றில் புள்ளி, ஒன்றில் வளையம் என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆக ஒன்று பட்டிக்காரர் கணக்கு, ஒன்று லாரி கணக்கு. பெட்டியின் கணக்கில் இதுவரை எதுவும் இல்லை.

15 பிப்ரவரி

ஈரப்பதம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். "தண்ணீர் கிண்ணம் வைக்க வேண்டுமா, வேண்டாமா?" இதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. வீடியோவில் ஒருவர் வைக்கிறார் என்று நாமும் வைப்பதில்தான் முட்டை கெடுகிறது.

பெட்டிக்குள் முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம் வேண்டும். தாம்பரத்தில் வெளியே 28 டிகிரி, 75 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை 37.5-க்குச் சூடாக்கினால் பெட்டிக்குள் ஏறக்குறைய 44 சதவீதம் வரும். கிண்ணமே தேவையில்லை, இருந்தால் சின்னதாக ஒன்று. எங்கள் நத்தத்தில் பங்குனி மதியம் வெளியே 35 டிகிரி, 35 சதவீதம் இருக்கும். அது பெட்டிக்குள் 30-க்கு இறங்கிவிடும். இங்கே கிண்ணம் இல்லாமல் முடியாது.

ஈரப்பதமானியையும் நம்பவேண்டாம், சோதியுங்கள். ஒரு சின்ன மூடியில் உப்பைப் போட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி எடை பார்ப்பது. முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும், அந்த ஈரம் வெளியேறித்தான் காற்றறை பெரிதாகும். சிறுவிடை முட்டை சின்னது, ஒன்று 40 கிராம் என்றால் 35 கிராம் சுமாருக்கு இறங்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு முட்டைக்குச் சரிவராது, ஒரு கிராம் தவறினாலே கணக்கு போய்விடும். இருக்கிற முட்டைகளையெல்லாம் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பார்சல் முட்டை வழியிலேயே கொஞ்சம் எடை இழந்து வருகிறது. அதனால் பெட்டியில் வைத்த நாள் எடையிலிருந்து கணக்கிட்டால், உண்மையில் இழந்ததைவிடக் குறைவாக இழந்ததுபோல் தெரியலாம். டார்ச்சில் காற்றறை எவ்வளவு பெரிதாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

18 பிப்ரவரி

கரண்ட் இரண்டு மணி நேரம் போய்விட்டது, எல்லாம் போச்சா என்று பதற்றமாகக் கேட்கிறார் தம்பி. போகவில்லை. அடைக்கோழியே தினமும் தீனி தின்ன இறங்கிப் போகிறது, முட்டை ஆறத்தான் செய்கிறது. சூடு குறைவதைக் கரு கொஞ்ச நேரம் தாங்கும். கூடினால்தான் தாங்காது, 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றாலே பெரிய சேதம்.

முதல் பத்து நாளில் கரண்ட் போனால் பெட்டியை மூடி, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். கடைசி வாரத்தில் மட்டும் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். அப்போது குஞ்சுகளே சூட்டை வெளியிடும், மூச்சுக்குக் காற்றும் அதிகம் வேண்டும்.

19 பிப்ரவரி

ஒரு விற்பனையாளர் விளம்பரத்தை இங்கே போட்டு "85 சதவீதம் பொரிக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்களே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பட்டியில் வைத்தால் 85 பொரிக்கலாம். அதே முட்டை மூன்று நாள் பார்சலில் போன பிறகு 85 பொரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், பார்சல் முட்டையில் பாதி பொரித்தால் அது நல்ல பொரிப்பு. வாங்கும்போதே அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் வாங்குங்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒருவரிடம் கடக்நாத் (கருங்கோழி) முட்டை வரவழைத்தேன். வெறும் மரத்தூளில் புதைத்து, வாய் வரை செலோடேப் சுற்றி வந்தது. மரத்தூள் குலுங்கக் குலுங்க அடியில் அமுங்கிவிடும், மேலே இடம் விட்டு முட்டையும் முட்டையும் மோதிக்கொள்ளும். கேட்டதற்கு "உங்களுக்குப் பெட்டி ஓட்டத் தெரியவில்லை" என்று பதில் வந்தது. புதிதாக ஆசையோடு கோழி வளர்க்க வருகிறவர்களுக்கும் இப்படித்தான் பதில் சொல்வார்கள், அவர்கள் மனம் விட்டுப் போவார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நன்றாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முட்டையையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டையில் கூர்முனை கீழாக நிறுத்தி, இடைவெளியில் நெல் உமி அடைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, ஓரத்தில் இட்ட தேதியும் எழுதுவார்கள். பணம் அனுப்பும் முன்பு கட்டும் விதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

23 பிப்ரவரி

18-ஆம் நாள். சாய்ப்பதை நிறுத்துங்கள். ஈரத்தை 65 முதல் 75-க்கு ஏற்றுங்கள், அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள். ஆழம் முக்கியமில்லை, பரப்புதான் முக்கியம். தட்டின் மேல் கம்பிவலை போடுங்கள், ஈரக்குஞ்சு தண்ணீரில் விழுந்துவிடும்.

இனிமேல் பெட்டியைத் திறக்கக்கூடாது.

படுக்க வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: வழக்கமாக நானும் இந்த நாளில் படுக்க வைத்துவிடுவேன். பார்சல் முட்டைகளில் காற்றறை சரிந்தவற்றை இப்போதெல்லாம் நின்ற நிலையிலேயே விட்டுவிடுகிறேன், அட்டையின் அடிப்பாகத்தை வெட்டி காற்றோட்டத்துக்கு வழி செய்துவிட்டு. குஞ்சு மூக்கை நீட்டும் இடத்தில் காற்று இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் காரணம்.

25 பிப்ரவரி, இரவு

சிறுவிடை சின்ன முட்டை என்பதால் இருபதாம் நாளே சில தொடங்கிவிடும். தம்பி இப்போதுதான் எழுதினார், ஒன்றில் விரிசல், உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். முதல் விரிசல் விழுந்தபின் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள்கூட ஒன்றும் நடக்காதது போலிருக்கும். உள்ளே அது சும்மா இல்லை, மீதமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், ஓட்டுச் சவ்வின் ரத்தத்தை உடம்புக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. நாம் உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், குஞ்சு சாகும்.

26 பிப்ரவரி, காலை

மூன்று வெளியே வந்துவிட்டன, இன்னொன்று ஓட்டைச் சுற்றி வெட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் தெரிகிற சாம்பல் நிறக் குஞ்சு அழகு தம்பி! இறகு காயும்வரை உள்ளேயே விடுங்கள். மஞ்சள் கரு வயிற்றில் இருக்கிறது, இரண்டு நாள்கூடத் தீனி இல்லாமல் தாங்கும். அது பசிக்கிறது என்று பெட்டியைத் திறந்தால் மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

குறி போட்ட முட்டையில் கூர்முனைப் பக்கம் விரிசல் விழுந்திருக்கிறது என்கிறீர்கள். காற்று குமிழியாக நகர்ந்த முட்டையில் இது நடக்கும். குஞ்சின் தலை தவறான பக்கம் திரும்பியிருக்கிறது. விரிசலில் மூக்கு வெளியே தெரிகிறதா, மூச்சு விடுகிறதா என்று மட்டும் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மூக்கு வெளியே இருந்தால் விட்டுவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் அப்படியே இருந்தால் மட்டும், மூக்கின் மேலுள்ள ஓட்டுத்துண்டை ஒரு மிளகு அளவுக்கு எடுத்து மூச்சுக்கு வழி விடுங்கள். ரத்தம் ஒரு பொட்டு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

28 பிப்ரவரி

ஐந்து குஞ்சுகள். குறி போட்ட முட்டையிலிருந்து வந்ததும் அதில் ஒன்று, நேற்று மதியம் யாரும் கை வைக்காமலே வந்தது. படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

வராத மூன்றையும் உடைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மனம் வரவில்லை என்றார், இருந்தாலும் செய்துவிட்டார். ஒன்றில் குஞ்சு பாதி வளர்ச்சியில் நின்றிருக்கிறது. இரண்டாவதில் முழுதாக வளர்ந்து, தலை கூர்முனைப் பக்கம், காற்றறையைத் தொடவே இல்லை. மூன்றாவதில் குஞ்சு முழுசு, தலையும் சரியான பக்கம், ஆனால் உடம்பெல்லாம் பசை மாதிரி ஈரம், காற்றறை சின்னது. அந்த மூன்றாவதுக்குக் காரணம் ஈரம் அதிகமாக இருந்தது. இடையில் சில நாள் பெரிய கிண்ணம் வைத்திருந்ததாக அவரே சொன்னார். அடுத்த முறை தாம்பரத்தில் 18-ஆம் நாள் வரை கிண்ணமே வேண்டாம்.

பழைய பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். காய்ச்சல் மானி வைத்துப் பார்த்துச் சரிசெய்தால் அதுவும் ஓடும் என்றே நினைக்கிறேன்.

2 மார்ச்

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். எல்லாம் பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து நின்றால் சூடு. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சையே பாருங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு, கண்ணிலோ மூக்கிலோ. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாளை கேட்டு வையுங்கள், மருந்துக் குப்பியை ஐஸில் வைத்துத்தான் எடுத்துவர வேண்டும். வெளியூர் முட்டையில் வந்த குஞ்சுகளைக் கொஞ்ச நாள் பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள், முட்டை வழியாகவே வரும் நோய்களும் உண்டு.

ஓசூர் நண்பர் ஏப்ரலில் ஆர்டர் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்பேன். 27 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். கோடை வெயிலில் மூடிய லாரிக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். வளரவும் போதாத, உறங்கவும் விடாத அந்தச் சூட்டில் மூன்று நாள் கிடந்தால் கரு கோணலாகி இறந்துவிடும், நம் கைக்கு வரும்போது முட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆடி கழிந்து கொஞ்சம் குளிரட்டும். இல்லையென்றால் ராத்திரி பஸ் ஏறிப் போய், முட்டையை நீங்களே மடியில் வைத்துக் கொண்டுவந்துவிடுங்கள்.